பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்

எங்கள் பள்ளிக்குக் கால்பந்து ஒரு வெள்ளை வேனில் வந்து இறங்கியது. சென்னையில் ஒரு பெரிய அணி, டி.வி.யில் ஆட்டம் காட்டுவார்களே, அந்த மாதிரி அணி. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கால்பந்து சொல்லித்தரப் போவதாக அவர்கள் அறிவித்திருந்தார்கள். எங்கள் பள்ளி குரும்பலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் அங்கே உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. டீச்சர். என் காலத்தில் நான் ஆடியது கோ-கோ. கால்பந்து எனக்கும் புதுசு.

வேனிலிருந்து பந்துகள், நீலப் பனியன்கள், அடியில் குமிழ் வைத்த ஷூக்கள் எல்லாம் இறங்கின. கூடவே அந்த அணியின் சமூகப் பணிகளைக் கவனிக்கும் ஒரு பெண்ணும் இறங்கினாள். இருபத்தைந்து வயது இருக்கும். என்னை "மேம், மேம்" என்று கூப்பிட்டாள். எந்த வேலையையும் இன்னொருத்தர் செய்யட்டும் என்று விடமாட்டாள். மைதானத்தில் கிடந்த கருவேல முள்ளை அவளே குனிந்து பொறுக்கினாள். அவளை எனக்கு அன்றே பிடித்துவிட்டது. இன்றுவரை அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

சனிக்கிழமை தோறும் திருச்சியிலிருந்து ஒரு பயிற்சியாளர் பஸ்ஸில் வருவார். முப்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அம்மா சின்ன வெங்காயக் காட்டில் கூலி வேலை. அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை, பந்து இடது காலுக்கு வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள். இரண்டு பேர் எதிரே வந்தாலும் நிற்கமாட்டாள். மூன்றாவது வாரமே பயிற்சியாளர் என்னிடம் வந்து, "டீச்சர், இந்தப் புள்ளய விட்டுறாதீங்க" என்றார்.

ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் போனது. அதன் முடிவில் அரியலூரில் எட்டுப் பள்ளிகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். பரிசு கொடுக்க அணியின் ஆட்டக்காரர்களே வந்தார்கள். பிள்ளைகள் செல்போனிலும் போஸ்டரிலும் மட்டும் பார்த்த முகங்கள் எதிரே நின்றன. அவளுடைய அப்பா காக்கிச் சட்டையோடு, லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார். மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. முதல் பாதியில் அவள் ஒரு கோல் போட்டதும், பக்கத்தில் நின்ற ஆளிடம் "எம்புள்ளங்க, அது எம்புள்ளங்க" என்று அவர் சொன்னது எனக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

இரண்டாம் பாதியில் அவளை யாரும் தள்ளவில்லை. யாரும் மோதவுமில்லை. ஓடிக்கொண்டே திரும்பினாள், ஷூ தரையில் மாட்டி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. 'டப்' என்று ஒரு சத்தம். கீழே விழுந்து முட்டியைக் கட்டிக்கொண்டாள். அழக்கூட இல்லை, வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

ஆட்டக்காரர்களில் மிகவும் பேர்போன ஒருவர் ஓடிப்போய் அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார். கேமராக்காரர்கள் அவர் கூடவே ஓடி வந்தார்கள். அணியின் பிசியோதெரபிஸ்ட் முட்டியை மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "ஜவ்வு கிழிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். ஸ்கேன் பாக்கணும். ஆபரேஷன் வேண்டியிருக்கும்" என்றார். பக்கத்திலிருந்த, அன்று வேனில் வந்த சென்னைப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நீங்க கவலயே படாதீங்க. எங்க டீம் டாக்டர்கிட்டயே காட்டுவோம். நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். அவர் அவளைக் கும்பிட்டார். அவள் அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த நாள் அந்தப் படம் பேப்பரில் வந்தது. ஆட்டக்காரரின் கையில் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பிள்ளை. பெரம்பலூர் டவுனில் பாலக்கரையில் டீ குடிக்கப் போனால்கூட, "உங்க ஸ்கூல் புள்ளதானே, குடுத்து வச்சவ" என்றார்கள்.

வீக்கம் வடிய மூன்று வாரம் ஆனது. பெரம்பலூரில் காட்டியபோது அங்கிருந்த டாக்டரும் ஜவ்வுதான், திருச்சிக்குக் கூட்டிப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், அவ்ளோ பெரிய டாக்டரு பாக்குறேன்னு சொல்லிருக்காங்க. நாம எதுக்கு அங்க இங்க அலையணும்? அவங்க கூப்புடட்டும்."

என்னிடம் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஆமாங்க, கூப்பிடுவாங்க" என்றேன்.

நான் சென்னைப் பெண்ணுக்குப் போன் செய்வேன். "மேம், மேல அனுப்பிருக்கேன், அப்ரூவல் வரணும்" என்பாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள், ஆனால் குரல் இறங்கியிருந்தது. திங்கள்கிழமைகளில் அம்மா வேலைக்குப் போகிற வழியில் பள்ளி கேட்டில் நிற்பாள். உள்ளே வரமாட்டாள். "போன் வந்துச்சுங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்பாள். "இன்னும் ரெண்டு வாரம் பாப்போம்மா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்படிச் சொன்ன இரண்டு வாரங்களைக் கூட்டிப் பார்க்க எனக்குப் பயம். அந்தப் பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முட்டி நழுவி இரண்டு முறை விழுந்தாள். வலிக்கிறதா என்று கேட்டால், "இல்ல டீச்சர், சரியாயிடும். சென்னை டாக்டர் ஓடவே வச்சிருவாராம்ல" என்பாள்.

ஒருநாள் சென்னைப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "மேம், நான் வேலைய விட்டுட்டேன். ரொம்ப டிரை பண்ணேன். சாரி மேம்." நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். மடியில் அப்பாவிடம் கேட்டு வாங்கிய பெரம்பலூர் டாக்டர் சீட்டு, பேப்பரில் வந்த படம், தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதம். அணியின் ஆபீஸில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அதே படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என்னைப் பார்க்க வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார். அணி கைமாறிவிட்டது, எங்கள் மாவட்டங்களில் நடந்த திட்டத்தை முடித்துவிட்டார்கள், மருத்துவத்துக்கு என்று ஒதுக்கீடே கிடையாது என்றார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். பெற்றோர் சம்மதப் படிவம், ஆங்கிலத்தில். அடிபட்டால் அணி பொறுப்பாகாது என்று ஒரு வரி இருந்தது. கீழே அம்மாவின் கோணல் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் சாட்சியாக என்னுடையது.

அந்த வரியை நான் அப்போதே படித்திருக்கிறேன். எல்லாப் படிவத்திலும் இருப்பதுதானே என்று, அந்த அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டேன். "இங்க போடும்மா" என்று விரலால் இடம் காட்டியதும் நான்தான்.

"எங்க கையில எதுவும் இல்ல மேடம்" என்றார் அவர். பிறகு உள்ளே போய், ஆட்டக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு ஜெர்சியைக் கொண்டுவந்து, "பாப்பாவுக்குக் குடுங்க" என்று நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அதை வைத்துக்கொண்டு விழுப்புரம் வரை அழுதேன். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது என்ற யோசனை வந்துவிட்டது.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. படிவத்தில் இருந்த அந்த வரியையும் சொன்னேன். "அது எங்களுக்கு எங்கங்க படிக்கத் தெரியும்" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிள்ளை ஜெர்சியை விரித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கட்டிலில் வைத்தாள். "டீச்சர், அந்த போட்டோவ எடுத்துறச் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். எழுதினேன். பதில் இல்லை.

பிறகு திருச்சிக்குப் போனோம். அங்கே எடுத்த ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், "எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டார். பத்து மாதம் என்றேன்.

"பத்து மாசமா என்னம்மா பண்ணுனீங்க? ஜவ்வு கிழிஞ்ச காலோட நடந்து நடந்து உள்ள இருக்குற மெத்தையும் தேஞ்சு போச்சு. அப்பவே வந்திருந்தா வெளையாட்டப் பத்தி யோசிச்சிருக்கலாம்."

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "கூப்பிடுவாங்க" என்று நான் சொன்னதை அந்த அறையில் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் ஆனது. நல்லபடியாகத்தான் செய்தார்கள். மூன்றாம் நாள் வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்து நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். என்னால் எதுவும் ஆகாது என்பது பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்துபோயிருந்தது.

இப்போது பெரம்பலூரில் பி.காம். படிக்கிறாள். நடக்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள், சம்மணம் போட முடியாது. போன மாதம் புது பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தோழிகளோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் வந்தாள். "நல்லாருக்கீங்களா டீச்சர்? அம்மா கேட்டுட்டே இருக்கும்" என்றாள். முட்டியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுடைய பஸ் கிளம்பி நகர ஆரம்பித்தது. தோழிகள் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். அவள் ஓடவில்லை. "அடுத்த பஸ்ல போயிக்கிறேன் டீச்சர்" என்று என் பக்கத்திலேயே நின்றாள்.