இணைப்பு அவருடைய பெயரில் இருந்தது

நான் வீட்டில் இருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். எழுத்தில் அல்ல, வாயால். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வயதான தமிழர் ஒருவர் வைத்தியருக்கு முன்னால் இருப்பார். அவருக்கு ஆங்கிலம் வராது. மருத்துவமனை ஒரு முகவர் நிலையத்தை அழைக்கும். அந்த அழைப்பு உரும்பிராயில் என் அறைக்குள் இருக்கும் கணினிக்கு வரும். வைத்தியர் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், நோயாளி சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன். பேசுகிறவருடைய ‘நான்’தான் என்னுடைய ‘நான்’ என்பது இந்த வேலையின் முதல் விதி. ‘அவருக்கு நெஞ்சு நோகிறதாம்’ என்று சொல்லக்கூடாது. ‘எனக்கு நெஞ்சு நோகிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். அழைப்பு முடிந்தால் அந்த நெஞ்சுநோவும் முடிந்துவிடும். நடந்ததை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது இரண்டாவது விதி.

வீட்டு இணைப்பு பழைய ரெலிபோன் கம்பியில் வந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறுகிற தொங்கலில் இருக்கும் பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிடும். நான் முறைப்பாட்டு எண்ணுக்கு அழைப்பேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து பெட்டியைத் திறந்து, துடைத்து, மூடிவிட்டுப் போவார். அடுத்த மழைக்குத் திரும்பவும் அதே கதை. இப்படி மூன்று மழைக்காலம் போனது. நானும் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. மாற்றுவதற்குச் சோம்பலாக இருந்தது, பஞ்சிப்பட்டேன் என்பதே உண்மை.

அன்றைக்கும் காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. அழைப்பில் இருந்தவர் குரலை வைத்துப் பார்த்தால் எழுபதைத் தாண்டியவர். என்னைப் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டார். பரிசோதனை முடிவைச் சொல்லவே வைத்தியர் அழைத்திருந்தார். அது புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டு வைத்தியர் நிறுத்தினார். பேசுகிறவர் நிறுத்தினால் நான் தொடங்க வேண்டும். தமிழில் சொன்னேன். வைத்தியர் தொடர்ந்தார்: ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், வேறெங்கும் பரவவில்லை, வெட்டி எடுத்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்து முதல் சொல்லைச் சொன்னபோது இணைப்பு அறுந்துவிட்டது.

கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அதுவும் அதே நிறுவனத்தினுடையது. வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும், கிணற்றடிக்குப் போனால் இரண்டு கோடு. முகவர் நிலையத்தைப் பிடிக்கவே நேரமெடுத்தது. அழைப்பை வேறொரு மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். எவ்வளவு நேரத்தில் என்று கேட்டேன். பதினொரு நிமிடத்தில் என்றார்கள்.

பதினொரு நிமிடம் அந்த மனிதர் செய்தியின் பாதியோடு ஒரு கதிரையில் உட்கார்ந்தபடி இருந்திருக்கிறார். கையைக் காலை ஆட்டி வைத்தியர் ஏதாவது விளங்கப்படுத்தியிருக்கலாம். எனக்குத் தெரியாது. அடுத்த நாள் முகவர் நிலையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மருத்துவ அழைப்புகள் எனக்குத் தரப்பட மாட்டா. நியாயமான கடிதம்.

எங்கள் ஒழுங்கையால் இன்னொரு நிறுவனம் புதிதாகப் பைபர் கம்பி இழுத்திருந்தது. அவர்களை அழைத்தேன். ஒரு கிழமையில் வருவோம் என்றார்கள். கைத்தொலைபேசியையும் அவர்களிடமே மாற்றுவதென்று முடிவெடுத்தேன். அப்போது நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் மாறும். பழைய எண்ணைக் கொண்டுபோக வழியில்லை. அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. பழைய இணைப்பை நிறுத்துவதுதான் சிக்கலாகிப் போனது.

யாழ்ப்பாணத்தில் இருந்த அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். இணைப்பு என் பெயரில் இல்லை, என் கணவருடைய பெயரில் இருக்கிறது என்றாள். அவர் நேரே வர வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து வைத்த கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் வேண்டும்.

வீடு என்னுடையது. எனக்குச் சீதனமாக வந்தது. ரெலிபோன் மட்டும் அவர் கப்பல் வேலையை விட்டு வந்த வருடம் தன் பெயரில் எடுத்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

அவர் வல்வெட்டித்துறைக்காரர். தாய்க்குச் சுகமில்லை என்று ஆறு வருடத்துக்கு முன் அங்கே போனார். ஒரு மாதம் என்று சொல்லிப் போனவர், தாய் செத்த பிறகும் தமக்கை வீட்டிலேயே தங்கிவிட்டார். படகு எஞ்சின் திருத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர் வரவில்லை, நான் கூப்பிடவில்லை. பிள்ளைகள் இல்லாததால் ஒருவரையொருவர் கூப்பிடக் காரணமும் வரவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கு ‘அவர் அங்கை நிக்கிறார்’ என்று சொன்னேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

காசு கட்டாமல் விட்டால் அதுவாக வெட்டுப்பட்டுவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. கணவருடைய பெயரில் கடன் கட்டாதவர் என்று ஒரு குறை விழுவதை நான் விரும்பவில்லை. அவருடைய எண் கைத்தொலைபேசியில் இருந்தது. அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார். விசயத்தைச் சொன்னேன். கடிதத்தை எழுதி ஆரிடமாவது பஸ்ஸில் கொடுத்துவிட்டால் போதும் என்றும் சொன்னேன்.

“கடிதம் வேண்டாம். நான் வாறன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அங்கை நிக்கிறன்” என்றார்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது அவர் எனக்கு முதலே வந்து இலக்கத் துண்டும் எடுத்து வைத்திருந்தார். மெலிந்திருந்தார். கன்னத்துத் தாடி முழுக்க நரைத்திருந்தது. விரல் நகங்களுக்குள் எண்ணெய்க் கறுப்பு. எனக்கும் வயதேறித்தான் இருந்திருக்கும். பஸ்ஸிலா வந்தனீர் என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்றேன்.

அதே பெண்தான் இருந்தாள். இணைப்புக்குச் சொந்தக்காரர் அவர் என்பதால் கேள்வி முழுவதையும் அவரிடமே கேட்டாள். ஏன் நிற்பாட்டுகிறீர்கள், எவ்வளவு நாளாகப் பிரச்சினை, என்ன நேரத்தில் அறுகிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது. என் பக்கம் திரும்பினார். நான் மெல்லச் சொன்னேன், அவர் அவளுக்குச் சொன்னார். மழை வந்தால் எனக்கு லைன் நிக்குது என்றார். எனக்கு வேலைக்கு நடுவிலை அறுந்துபோச்சு என்றார். ஒரு தடவைகூட ‘அவவுக்கு’ என்று சொல்லவில்லை. நான் படித்துப் பரீட்சை எழுதிப் பெற்ற பழக்கம் அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

என்னைக் காட்டி, இணைப்பை இந்த அக்காவின் பெயருக்கே மாற்றித் தரலாம், ஆறு மாதத்துக்குக் கூடுதல் டேட்டாவும் தரலாம் என்றாள் அவள். அவர் என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். வேண்டாமாம் என்று சொல்லாமல், வேண்டாம் என்றார்.

அவள் படிவத்தை எடுத்தாள். நிற்பாட்டுவதற்கான காரணம் என்று ஒரு வரிசை இருந்தது. சேவை திருப்தியில்லை என்று போட்டால் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து அறிக்கை எழுதும்வரை இழுபடும் என்றாள். வீடு மாறுகிறோம் என்று போட்டால் இன்றைக்கே முடித்துவிடலாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவளுடைய பேனை வீடு மாறுகிற கட்டத்துக்கு மேலே நின்றது.

“வீடு மாறினது நான், பிள்ளை” என்றார் அவர். “லைன் அங்கைதான் இருக்குது. லைன் பிழை எண்டே போடுங்கோ. இழுபட்டால் நான் திரும்பவும் வாறன்.”

அவள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு சேவை திருப்தியில்லை என்ற கட்டத்தில் சரி போட்டாள். அவர் கையெழுத்து வைத்தார். கலியாண எழுத்தில், பதிவுப் புத்தகத்தில் வைத்த அதே நீளக் கையெழுத்து.

வெளியே வந்ததும், தேத்தண்ணி குடிப்பமா என்று கேட்டார். எதிர்ப்பக்கம் ஒரு கடை இருந்தது. போய் இருந்தோம். இந்த வேலை என்ன வேலை என்று கேட்டார். அவர் இருந்த காலத்தில் நான் அதைத் தொடங்கியிருக்கவில்லை. சொன்னேன். ஆளையும் நாட்டையும் நோயையும் விட்டுவிட்டு, ஒரு வைத்தியர் இரண்டு செய்தி சொன்னார், கெட்டது போய்ச் சேர்ந்தது, நல்லது சேரவில்லை, அதற்குள் அறுந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஒருவருக்கும் சொல்லாத விசயம்.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

“ரெண்டையும் கேட்டு முடிச்சிட்டுச் சொல்லியிருக்கலாம்தானே?”

நான் விதியைச் சொன்னேன். வைத்தியர் நிறுத்தினால் நான் தொடங்க வேண்டும்.

“விதி சரி. ஆனால் லைன் சரியில்லை எண்டு உமக்குத் தெரியும். அந்த டொக்டருக்குத் தெரியாது. கப்பலிலை ரேடியோ இரைஞ்சால் முழுச் செய்தியும் வரும்வரைக்கும் நாங்கள் கப்டனுக்குப் பாதி சொல்ல மாட்டம்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருடம் எட்டிப் பார்க்காதவர் தேத்தண்ணிக் கடையில் இருந்து எனக்குப் பிழை பிடிக்கிறார் என்று நினைத்தேன். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். புது நம்பர் எடுத்தால் தனக்கும் அனுப்பச் சொல்லிவிட்டு, வல்வெட்டித்துறையால் போகும் பருத்தித்துறை பஸ்ஸுக்குப் போனார்.

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அது மனதில் ஓடியது. மூன்று மழைக்காலமாக அந்த லைனைப் பற்றி அறிந்திருந்தவள் நான். தூறல் தொடங்கியபோதே வேலையை ஏற்காமல் விட்டிருக்கலாம். நிறுவனத்தின் மேல் போட்டிருந்த பழியில் ஒரு பங்கு எனக்குரியது. அதை ஒத்துக்கொண்ட பிறகு மனம் இலேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அழைப்பின் தொடக்கத்தில் வைத்தியரிடம் ஒரு வசனம் சொல்கிறேன்: முக்கியமான செய்தியென்றால் முழுவதையும் சொல்லி முடியுங்கள், பிறகு நான் சொல்கிறேன். இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

புதிய நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். மின்கம்பத்திலிருந்து முருங்கைக்கு மேலால் கம்பியை எடுத்து, யன்னல் கரையில் துளை போட்டு, பெட்டியைச் சுவரில் பூட்டினார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பழைய லைனும் கொஞ்சம் இழுபட்டு, என் கணவர் திரும்ப வராமலே நின்றுபோனது. புதிய சிம்மைப் போட்டுவிட்டு, எண்ணை யார் யாருக்கு அனுப்புவதென்று பட்டியலைப் பார்த்தேன். முகவர் நிலையம், வங்கி, தங்கச்சி, எரிவாயுக் கடை, பக்கத்து வீடு. அவருடைய பெயரில் கொஞ்சம் நின்றேன். பிறகு மற்றவர்களுக்கு அனுப்பிய அதே செய்தியை அவருக்கும் அனுப்பினேன்.

‘கிடைத்தது’ என்று பதில் வந்தது. நாலு நாள் கழித்து, புது இணைப்பின் வேகம் எவ்வளவு என்று கேட்டு எழுதியிருந்தார். சோதித்துப் பார்த்து இலக்கத்தை அனுப்பினேன். தமக்கை வீட்டுக்கும் அதே இணைப்பையே எடுக்கலாமோ என்று யோசிக்கிறார்களாம். எடுத்தார்கள். கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது என்று கேட்க அழைத்தார். அரை மணித்தியாலம் பிடித்தது. முதல் தடவை பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக அடித்துவிட்டார், இரண்டாம் தடவை கண்ணாடியைத் தேடப் போனார். நான் காத்திருந்தேன். அந்தப் பக்கம் தமக்கை ஆருக்கோ சோறு போடும் சத்தம் கேட்டது.

நாங்கள் திரும்பச் சேர்ந்து வாழவில்லை. அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை கதைக்கிறோம், அநேகமாக ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை என்பதைப் பற்றி. கடைசியாகக் கதைத்தது போன கிழமை. அவருடைய போனில் தமிழ் எழுத்துகள் பெட்டி பெட்டியாகத் தெரிகின்றனவாம். என்ன மாதிரிப் போன் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார்.