சேவியர் அங்கிளின் கோட்

சேவியர் அங்கிள் போய்விட்டார். இன்று காலை, டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊரில், மகன் வீட்டில்.

செய்தி எனக்கு நேராக வரவில்லை. சான் ஹோசேயிலிருந்து என் மகள் மீரா அழைத்துச் சொன்னாள். அவளுக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறார்கள்.

"வயசாயிடுச்சும்மா..." என்றேன். "டோன்ட், டேட்" என்றாள். அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

எண்பதுகளில் ஜெர்சி சிட்டியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் ரூமில் வேலை. எனக்கு அண்ணன் வயது. மீரா அங்கிள் என்றதால் எனக்கும் அங்கிள்.

நான் அப்போது ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் நிருபர். அமெரிக்க ஃபுட்பால் சீசனில் ஞாயிறுதோறும் எனக்கு வேலை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. ஒன்பது வயது மீரா, சேவியர் அங்கிள் வீட்டில். டிவி முன்னால். அவர் மனைவி ஃபுளோரா ஆன்ட்டி பொரித்த ரோல்ஸோடு.

அந்த ஆட்டத்தின் விதிகளை நான் அவளுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கொட்டாவி விட்டாள். அதையே கீழே போய் அங்கிளுக்கு ஒரு மணி நேரம் விளக்குவாள்.

அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. "பிள்ளை, இப்ப ஆரிட்ட பந்து? என்னத்துக்கு நிமிஷத்துக்கு ஒருக்கால் வட்டமா நிண்டு கதைக்கிறாங்கள்? வீட்டிலயே கதைச்சிட்டு வந்திருக்கலாமே!" மாடிப்படியில் நிற்கும்போது அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஒரு வருஷம், ரெகுலர் சீசனின் கடைசி ஞாயிறு. மதியம் எங்கள் அணி ஜெயித்துவிட்டது. ஆனால் அது போதாது. கலிஃபோர்னியாவில் மாலை நடக்கும் ஆட்டத்தில் இன்னோர் அணி தோற்றால்தான் எங்களுக்கு அடுத்த சுற்றான பிளேஆஃபில் இடம்.

என்னை ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு பாருக்கு அனுப்பினார்கள், ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுத. அந்த இன்னோர் அணி கடைசி நொடியில் ஒரு கிக் அடித்தது. உள்ளே போனது. எங்கள் சீசன் முடிந்தது.

பாரில் ஏழு பேரைக் கேட்டேன். ஏழு பேரும் சொன்னது ஒன்றுதான்: அடுத்த வருஷம் பார்க்கலாம். போன வருஷமும் அதையேதான் எழுதியிருந்தேன்.

பே ஃபோனில் கீழ்வீட்டை அழைத்தேன். மீராவுக்கு நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன்.

அங்கிள்தான் எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "தம்பி, பிள்ளை டிவியை மூடிப்போட்டாள். நான் சேர்ச்சுக்குப் போட்டுட்டுப் போன கோட்டால. சத்தத்தையும் குறைச்சுப்போட்டாள். அவங்கள் கிக் அடிக்க வர முதலே."

"ஆட்டம் முடிஞ்சிடுச்சு அங்கிள். அவகிட்ட குடுங்க, நான் சொல்றேன்."

"ஐயோ, ஸ்கோரை இங்க சொல்லிப்போடாதைங்கோ. நாங்கள் பாக்கேல்லையாம், அப்ப அது நடக்கேல்லையாம். கோட்டை ஒருத்தரும் தொடக் கூடாதாம். பத்து நிமிஷமா நானும் பேசாமல் இருக்கிறன்."

நான் இருந்திருந்தால் கோட்டை எடுத்து ஸ்கோர் பார்த்திருப்பேன். அது எனக்கு அப்போதே தெரிந்தது.

அலுவலகம் போய் எழுதினேன். ஜெர்சி சிட்டியில் ஓர் ஒன்பது வயதுச் சிறுமி டிவியை ஒரு கோட்டால் மூடினாள்... நாம் பார்க்கவில்லை, அதனால் நடக்கவில்லை என்றாள்... யார் சொல்லிக் கேட்டேன் என்று எழுதவில்லை. என் மகள் என்றும் எழுதவில்லை. நேரில் பார்த்தவன் போல எழுதினேன்.

எடிட்டர் அதை முதல் பத்தியாக ஏற்றினார். "எந்த பார்ல புடிச்ச அந்தப் பொண்ண?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சிரித்து வைத்தேன். ரிடயர் ஆகும் நாளில்கூட நண்பர்கள் அந்த வரியைத்தான் சொன்னார்கள்.

மறுநாள் மீராவைக் கூப்பிடக் கீழே போனேன். அந்தச் செய்தியை அங்கிள் வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்.

"பக்கத்தில இருந்து பாத்த மாதிரியே எழுதியிருக்கிறீங்கள் தம்பி."

அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மீராதான் சொன்னாள். "பட் யூ வேர்ன்ட் தேர், டேட்."

"அப்பா ஃபோன்ல இருந்தவர்தானே பிள்ளை" என்றார் அங்கிள் உடனே. எனக்காக அவர் பரிந்து பேசியதுதான் ரொம்ப வலித்தது... பிறகு பல வாரங்கள் மாடிப்படியில் அவரைப் பார்த்தால் அவசரமாகப் போவதுபோல் நடந்தேன்.

இன்று ஃபோனில் மீரா இன்னொன்றும் சொன்னாள். அவர்கள் டெக்ஸாஸ் போன பிறகும், ஒவ்வொரு வருஷமும் கடைசி ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் அங்கிள் அவளுக்கு ஃபோன் பண்ணுவாராம். "கோட்டைப் போடட்டோ, எடுக்கட்டோ?" என்று கேட்பாராம். இவள் சொல்வாளாம்.

ஒவ்வொரு வருஷமுமா என்று கேட்டேன். எவ்ரி இயர், டேட்.

எனக்குத் தெரியாது. அந்த ஞாயிறுகளில் நானும் அவளை அழைத்திருக்கிறேன். லைன் பிஸியாக இருக்கும். வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பத்திரிகையில் தவறு செய்தால் மறுநாள் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போடுவோம். நான் போட வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது.

திருத்தம்: சிறுமி டிவியை மூடியதை நிருபர் பார்க்கவில்லை. பார்த்தவர், அவளோடு கடைசி வரை உட்கார்ந்திருந்தவர், சேவியர் அங்கிள். கோட்டும் அவருடையது.

போயிட்டு வாங்க அங்கிள். இன்றைக்கும் பொறாமைதான்.