டெங்கில் ஆர்கிட் பண்ணையில் ஒரு மோடம்

பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஒரு சின்ன ரிப்பேர் கடை. பழைய கம்ப்யூட்டர்களை இன்னும் திறந்து பார்ப்பவன் என்று யாரோ சொல்லித்தான் பரமேஸ்வரி அக்கா போன் செய்தார்.

"தம்பி, மோடம் லைன் பிடிக்குது, உடனே அறுந்து போவுது. எங்க வீட்டுக்காரர் சரியா சாப்பிடவே மாட்டேங்குறாரு. வந்து பாருங்க லா."

டெங்கிலில் அவர்களுக்கு ஆர்கிட் பண்ணை. வலைக்கூரைக்குள் நுழைந்ததும் வெயில் பச்சையாகிவிட்டது. தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது. ஊதாப் பூக்களுக்கு நடுவே ஒரு மேசையில், ஈரம் படாத பிளாஸ்டிக் தடுப்புக்குள், என் மகளைவிட வயதான கம்ப்யூட்டர்.

செடிகளுக்குப் பனிபோலத் தண்ணீர் தூவும் குழாய்களை அதுதான் இயக்குகிறது. புரோகிராம் எழுதியவர் அக்காவின் கணவர் செல்வம் அண்ணன். பக்கவாதம் வந்தபின் கிள்ளான் வீட்டில் கட்டிலோடு இருக்கிறார். தினமும் மதியம் அங்கிருந்து மோடத்தில் டயல் செய்வார். பண்ணைக் கம்ப்யூட்டரின் திரை அவர் திரையில் தெரியும். இடது கையால் ஒரு கீயைத் தட்டினால் டெங்கிலில் பனி இறங்கும்.

"புது சிஸ்டம் போட்டா தானா ஓடுமாம், மகன் சொல்றான்," என்றார் அக்கா. "அப்புறம் அவருக்கு என்ன வேலை இருக்கு, சொல்லுங்க?"

போன் லைனில் இரைச்சல் இல்லை. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மோடத்துக்கு 'ஏடி' கட்டளை கொடுத்தேன், 'ஓகே' என்றது. கைப்பேசியில் அண்ணனைக் கூப்பிட்டு டயல் செய்யச் சொன்னோம். மோடம் கீச்சிட்டு, முனகி, இணைந்தது. அக்கா ஆசையாகக் குனிந்து மவுஸை அசைத்தார். லைன் போய்விட்டது.

"அக்கா, இந்த மவுஸ் எப்ப வந்துச்சு?"

"போன வாரம். ஸ்டோர்ல கிடந்துச்சு, நான்தான் மாட்டினேன். அவர் இதுல என்னதான் செய்யறாருன்னு பக்கத்துல இருந்து பார்க்கணும்னு ஆசை." சட்டென்று அவர் முகம் வாடியது. "அப்ப நான்தான் அவரை அறுத்துவிட்டுட்டேனா? கழட்டிடுங்க தம்பி."

மவுஸ் காம் 1 என்ற போர்ட்டில், மோடம் கார்டு காம் 3-இல். போர்ட் வேறானாலும் இரண்டுக்கும் ஐ.ஆர்.கியூ. 4தான். பிராசசரைக் கூப்பிட இரண்டுக்கும் ஒரே மணி. மவுஸ் அடித்தால் மோடத்தின் குரல் கேட்காது.

கழற்றினால் வேலை முடிந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை. சும்மா கிடந்த காம் 2-ஐ, மோடத்துக்கு இடம்விட, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் மூடினேன். மோடம் கார்டில் ஜம்பர் என்ற குட்டிச் செருகியை காம் 2, ஐ.ஆர்.கியூ. 3-க்கு மாற்றி, புரோகிராமிலும் போர்ட்டைத் திருத்தினேன். அண்ணன் மறுபடி டயல் செய்தார். அக்கா பயந்து பயந்து மவுஸைத் தொட்டார்.

லைன் அறுபடாமல் நின்றது.

கைப்பேசியில் அண்ணனின் குரல் மெல்ல வந்தது. "திரையில... அம்புக்குறி நகருது. யாரு அது?"

"நான்தாங்க."

அண்ணன் வழி சொல்லத் தொடங்கினார். "பரமு... இன்னும் மேல போ. அது மூணாவது வரிசை. அமுக்கு."

அக்கா அமுக்கினார். தலைக்கு மேலே குழாய்கள் சீறின. பூக்கள், மேசை, நாங்கள் எல்லாம் வெள்ளைப் பனிக்குள் மறைந்தோம். அக்கா நனைந்துகொண்டே சிரித்தார். கிள்ளானில் அவரும் சிரிப்பது கேட்டது.

புதிதாக என்ன மாட்டினீர்கள் என்று எந்தப் பழுதிலும் முதலில் கேட்க வேண்டும். இதைத் தொழிலில் எல்லோரும் சொல்லித்தருவார்கள். ஏன் மாட்டினீர்கள் என்பதையும் நான் கேட்கிறேன். அது தெரியாமல் எதையும் கழற்றுவதில்லை.