அரவேணுவில் பொங்காத மாவு

சாந்தாமணிக்குத் தன் கைப்பக்குவத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் பாதி சாமி மேல் இருந்திருந்தால் கோயிலே கட்டியிருப்பாள். பல்லடத்துக்காரி. வாக்கப்பட்டு மலையேறி, வருஷக்கணக்கில் தேயிலைக் கொழுந்து பறித்து, மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கியது போதும் என்று எஸ்டேட் வேலையை விட்டுவிட்டாள். அரவேணு பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, இட்லிக் கடை என்று ஊரெல்லாம் தம்பட்டமும் அடித்தாயிற்று.

முதல் நாள் காலையில் மாவுச் சட்டியைத் திறந்தால், ஊற்றி வைத்தது அப்படியே கிடந்தது. ஒரு கொப்புளம் கூட இல்லை. இத்தனை வருஷமும் வீட்டில் களியும் சோறும்தான். இந்தக் குளிரில் மாவு புளிக்காது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஏனுங்கக்கா, இத வெச்சு செவுரு கட்டலாமாட்ட இருக்குதுங்க" என்றார், அதையே ஊற்றி அவித்த இட்லியைத் தட்டிப் பார்த்த பஸ் டிரைவர்.

அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் கடை படுத்துவிட்டால் கூடையை மாட்டிக்கொண்டு அதே மேஸ்திரி முன்னால் போய் நிற்க வேண்டும். நினைத்தாலே அழுகை வந்தது.

உளுந்தைக் கூட்டிப் பார்த்தாள், வெந்தயம் சேர்த்தாள், கம்பளி போர்த்தினாள். மாவு அசையவில்லை. புருஷன் குமாரசாமி தேயிலை பேக்டரியில் இலையை உலர்த்தும் டிரையருக்கு விறகு போடுகிறவர்.

"டிரையர்கிட்ட எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும். சட்டியக் குடு புள்ள" என்று தூக்கிக்கொண்டு போனார்.

அங்கே மாவு பொங்கிய பொங்கலில் மூடி எகிறித் தரையெல்லாம் வழிந்தது. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும்; அதனால் உள்ளே பீடிகூடப் பற்றவைக்க மாட்டார்கள். அங்கே போய் புளித்த மாவு! தேயிலையை மோந்தே பக்குவம் சொல்லும் டீ மேக்கர் இராஜமாணிக்கம் மூக்கால் பிழைப்பவர். அவர் போட்ட சத்தம் கடை வரை கேட்டு சாந்தாமணி ஓடி வந்தாள்.

"தப்பு என்னுதுங்கய்யா. அவர வேலைய உட்டு அனுப்பிப்போடாதீங்க" என்று அழுதே விட்டாள்.

கத்தி ஓய்ந்த மனுஷர் விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் மனம் இளகியது.

"உள்ள ஆகாதும்மா. வெளிய அடுப்புச் செவுத்தோரமா வெச்சுக்குங்க."

வேறொருத்தியாயிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள்.

"பேக்டரிக்கு லீவுன்னா என்ற கடைக்கும் லீவுங்களா? அது சரிப்படாதுங்க. அந்த ஒடஞ்ச பொட்டியக் குடுங்க, போதும்" என்று மூலையைக் காட்டினாள்.

தேயிலை அடைக்கிற மரப்பெட்டி அது. உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருந்தது. அதில் மாவுச் சட்டியையும் பக்கத்தில் ஒரு வெந்நீர்க் குண்டாவையும் இறக்கி, சுற்றிலும் வைக்கோல் திணித்து, மேலே கம்பளியைப் போர்த்தினாள். விடிந்து பார்த்தால் மாவு சட்டி விளிம்பைத் தொட்டு நின்றது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் குமாரசாமியை அந்தக் குளிரில் எழுப்பி உட்காரவைத்து அதைப் பார்க்கச் சொன்னாள்.

முதல் பஸ் கிளம்புவதற்குள்ளேயே அன்று இட்லி தீர்ந்தது. அப்புறம் அவள் கொழுந்துக் கூடையைத் தொடவே இல்லை.

கொஞ்ச நாளில் இராஜமாணிக்கமும் கடைக்கு வந்தார். இட்லியைப் பிட்டு மூக்கருகே கொண்டுபோனார், புருவம் ஏறியது.

"ஏம்மா, தேயிலை வாசம் அடிக்குதே?"

"பொட்டி வாசமுங்க. மாவும் இழுத்துக்குதுங்களே, என்ன பண்றது? வேணும்னா நானும் உங்க பேக்டரிக்கு வந்து சத்தம் போடட்டுங்களா?"

அவர் தட்டை நீட்டினார், இன்னும் இரண்டு வைக்கச் சொல்லி.