எப்ப போவ?

என் மாமனார் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். அதில் இருபது வருடம் பட்டாளத்தில் போனது. மீதியைப் பாப்பாரப்பட்டியில், வீட்டைச் சுற்றியே கழித்தார். 1980களின் தொடக்கத்தில் நான் அங்கே மருமகளாகப் போனபோது எனக்கு ஒரே குடைச்சல்: இவர் எந்தச் சண்டைக்குப் போனார், யாரைச் சுட்டார்? கேட்டால், "குளுரு ஜாஸ்தி கண்ணு" என்பார். அவ்வளவுதான் அவருடைய போர்.

கதைதான் கிடைக்கவில்லை, ஆளையாவது கவனிப்போம் என்று கவனித்தேன். தர்மபுரியில் கல்யாணம் என்றாலும் சாப்பிட்ட கை காயுமுன் பஸ் ஏறிவிடுவார். வெளியூரில் ஓர் இரவு தங்கியதில்லை. தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும், தொட்டிலில் கிடக்கும் என் மகளிடம் விறைப்பாக நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். "பாப்பா, தாத்தா கடைக்குப் போறேன். வெத்தல வாங்கிக்கிட்டு ஒடனே வந்துருவேன்." கைக்குழந்தைக்கு என்ன புரியும்? நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஒருநாள் மாரண்டஹள்ளியிலிருந்து என் அண்ணன் வந்திருந்தான். சோறு போட்டுக்கொண்டே, "எப்பண்ணா போற?" என்றேன். இருந்தால் ராத்திரிக்குக் கோழி அடிக்கலாமே என்றுதான் கேட்டேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாரின் கை தட்டிலேயே நின்றது.

"வந்தவங்கள அத மட்டும் கேக்காதம்மா" என்றார்.

அண்ணன் முன்னால் சொல்லிவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அன்று முழுவதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மொச்சை உரிக்கும்போது மாமியார் தானாகவே சொன்னார். என் கணவர் பிறந்தபோது மாமனார் எல்லையில் இருந்தாராம். பையனுக்குப் பேச்சு வந்த பிறகுதான் லீவு கிடைத்தது. தெருவே 'மிலிட்டரிக்காரர்' என்று கூப்பிட, பையனும் அப்படியே கூப்பிட்டிருக்கிறான். அம்மாவுக்குப் பக்கத்தில் தன் இடத்தை யாரோ பிடித்துக்கொண்ட கோபம் வேறு. பார்ப்பவர்கள் எல்லாம் எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க என்று அன்பாக விசாரிப்பதைக் கேட்டவன், இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டான்.

"சோறு சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. இவன் எதுருல வந்து நின்னு, 'மிலிட்டரிக்காரரே, எப்ப போவ?'ன்னான். லீவு முடியற வரைக்கும் தெனமும் கேட்டான் கண்ணு."

"உங்க மகனுக்கு இது தெரியுமா அத்தை?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாரு. கொழந்தைக்கு என்னா தெரியும், வுடுன்னாரு."

அதற்குப் பிறகு அவர் தொட்டிலுக்கு எதிரே நின்றபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளுக்கு மூன்று வயதானபோது என் கணவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. குடிபோன அடுத்த ஞாயிறே, பாலக்கோட்டில் பஸ் மாறி, ஒரு பை நிறையக் காய்கறியோடு மாமனார் வந்து இறங்கினார். பேத்தியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்புவதாக ஏற்பாடு. கிளம்பும்போது செருப்பைக் காணோம். என் மகள் கதவோரம் எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, எப்ப போவ?" என்றாள். கண் நிறையத் தண்ணீர்.

எனக்குப் பகீரென்றது. மாமனார் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா கேளு பாப்பா" என்றார்.

அவள் அழுதுகொண்டே கேட்டாள். அன்று அவர் ஊருக்குப் போகவில்லை.

மறுநாள் காலையில் மாமியார் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஒரு ராத்திரி வெளிய தங்காத மனுசன், என்னா ஆச்சோன்னு பதறிப் போயிட்டேன்" என்று வாசலிலேயே சத்தம் போட்டார்.

"பாப்பா செருப்பத் தரல. எப்ப போவன்னு கேட்டா. அழுதுக்கிட்டே கேட்டா" என்றார் மாமனார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தன் மகனை மாமியார் ஒரு பார்வை பார்த்தார். என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மாமியார் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, தன் செருப்பையும் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்தார்.