நான் பறித்த தண்ணீர்ச் செம்பு

கந்தசஷ்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே என் வீட்டுக்காரர் வாய் காய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்காமல் சோறு தொண்டையால் இறங்கவில்லை. சலம் கழிக்கவென்று இரவில் நாலு தரம் எழும்பினார். மெலிந்து, இடுப்பில் சாரம் நிற்கவில்லை. வெற்றிலை போடுவதை விட்டால் எல்லாம் சரிவரும் என்றேன். பெரிய வைத்தியக்காரி நான்!

விரதம் தொடங்கியது. ஆறு நாளும் பகலில் பச்சைத் தண்ணீரும் வாயில் படாமல் இருந்து, பின்னேரம் கோயிலால் வந்து பாலும் பழமும் எடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இரண்டாம் நாள் மத்தியானமே மனுசன் கிணற்றடியில் செம்போடு நின்றார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டாள். எனக்கு மானமே போய்விட்டது.

"வாயைக் கட்டத் தெரியாத ஆளுக்கு என்னத்துக்கு விரதம்?" என்று செம்பைப் பறித்தேன்.

"நாக்கு அண்ணத்தோடை ஒட்டுதப்பா."

அதோடு விட்டேனா? பெண்களே கிடக்கிற விரதம் ஆம்பிளைக்குக் கிடக்க ஏலாதோ என்று அயலுக்குக் கேட்கக் கத்தினேன். அவர் ரோசக்காரர். அதன்பிறகு பகலில் ஒரு மிடறும் குடிக்கவில்லை. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. அதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

ஐந்தாம் நாள் கோயில் வீதியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தபோது சீனி எக்கச்சக்கம். எத்தனை நாளாக வாய் காய்கிறது என்று டொக்டர் கேட்டார். ஒரு மாதம் என்றேன். அவர் என்னை ஏசவில்லை. வெற்றிலை, புகையிலை, அலர்ஜிக்கும் பிரஷருக்கும் எடுக்கிற சில குளிசைகள், வாயால் மூச்சு விடுவது, எதனாலும் வாய் காயலாம் என்றார். ஆனால் கிழமைக்கணக்கில் காய்ந்தால், அதுவும் தண்ணீர் விடாயும் அடிக்கடி சலமும் மெலிவும் சேர்ந்தால், உடனே வந்து காட்ட வேண்டும், அப்படிப்பட்டவர் தண்ணீரை நிறுத்தவே கூடாது என்றார்.

எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. விரதத்தை விடச் சொல்ல வேண்டிய நானே அவருக்குத் தண்ணீரை மறித்தேன். அது பாவம். வேறு சொல் இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்குத் தெளிவு வந்தது. நேர்ஸ் ஒரு கோப்பை தண்ணீரை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. வெடித்த உதட்டோடு என் பக்கம் திரும்பி, மெல்லக் கேட்டார்.

"குடிக்கலாமோ?"