ஆற்றோடு விட்ட செப்புச் செம்பு

பல வருசமாக இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். பயம் பாதி, வெட்கம் பாதி. முருகன் மேல் பாரத்தைப் போட்டு இன்றைக்கு எழுதுகிறேன்.

புவாண்ட்-கிளேர் என்ற ஊரின் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கும் அக்கா ஒருத்தி, நாங்கள் வந்து குடியேறிய இந்த மண்ணின் பூர்வகுடி. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் சொன்னா: ஆழத் தண்ணிக்குள் கொம்பும் நீண்ட வாலும் உள்ள பெரிய பூனை ஒன்று இருக்குதாம். செப்பெல்லாம் அதன் சொத்து. தண்ணியிலிருந்து செப்பை எடுக்கிறவனை அது விடாதாம்.

நான் சிரித்துவிட்டேன்.

"உன்ரை சாமிக்கு யானைத் தலை. நான் சிரிச்சனானோ?" என்றா.

அடுத்த மாதம் அம்மாவின் அந்தியேட்டி, செத்தவர்களுக்குச் செய்யும் கடைசிக் கிரியை. சாம்பல் கரைக்க நானும் தம்பியும் ஐயரும் லாஷீன் ஆற்றங்கரைக்குப் போனோம். மண்முட்டி கிடைக்காததால், அம்மா சாமியறையில் தண்ணீர் வைக்கும் செப்புச் செம்பில்தான் சாம்பல்.

"செம்போடையே விடுங்கோ. பேந்து ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார் ஐயர்.

விட்டோம். நடந்தோம். ஐயர் முன்னுக்கு, நான் நடுவில், தம்பி பின்னுக்கு. கொஞ்சத் தூரத்தில் பின்னால் நடை கேட்கவில்லை.

"அண்ணை!"

தண்ணீருக்குள்ளிருந்து வந்த குரல். திரும்பினால் அம்மாவின் ஆத்மாவுக்கு ஆகாது. திரும்பாவிட்டால் தம்பி இல்லை. அக்கா சொன்ன கொம்புப் பூனை வேறு நெஞ்சுக்குள் வந்து நின்றது. கால் அசையவில்லை. எத்தனை மூச்சு அப்படி நின்றேனோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். இரண்டாம் தரம் கூப்பிட்ட குரல் பாதியில் அமிழ்ந்தது. திரும்பி ஓடினேன்.

நெஞ்சளவு தண்ணீரில் தம்பி. ஒரு கையில் செம்பு. ஆறு அவனைச் சரித்து இழுத்தது.

"விடடா செம்பை!"

"அம்மான்ரை, அண்ணை!"

"அம்மாவே எல்லாத்தையும் விட்டிட்டுப் போட்டா. உனக்கென்னடா? விடு!"

விட்டான். இரண்டு கையாலும் அடித்து வந்து நான் நீட்டிய சால்வை நுனியைப் பிடித்தான். ஐயரும் ஓடிவந்து சேர்ந்து இழுத்தார். "நானும் திரும்பிப் பாத்திட்டன், தம்பி. அம்மா கோவிக்க மாட்டா" என்றார், மூச்சு வாங்கி.

திங்கட்கிழமை அக்காவிடம் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. ஒரு பிடி புகையிலை தந்து, "தண்ணிக்குக் குடுத்துக் கும்பிடு" என்றா. திருநீற்றோடு சேர்த்துக் கொடுத்தேன்.

இப்போது தம்பி, கொம்பைக் கண்டதாகக் கோயிலில் பிள்ளைகளுக்குச் சொல்கிறான். நான் கொம்பும் காணவில்லை, வாலும் காணவில்லை. அவன் கதையில் நான் முதல் சத்தத்துக்கே பாய்ந்தவன். அது பொய். வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ. ஆனால் நடந்தபடியே சொல்லுங்கோ. கொம்பு சேர்க்க வேண்டாம். நான் திரும்பாமல் நின்றதை எடுத்துப்போடவும் வேண்டாம்.